பாட்டுக்கு முன்னால் பாடியவர்

அந்த யோசனை வந்தபோது என் கையில் தரை துடைக்கும் தடியும் காலடியில் சவர்க்காரத் தண்ணீர் வாளியும் இருந்தன. இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில் அம்மா வேலை செய்யும் வீட்டுக்குச் சனிக்கிழமைகளில் நானும் போவேன். அம்மாவின் முழங்கால் சரியில்லை. குனிந்து செய்யும் வேலையெல்லாம் என்னுடையது. அந்தக் கட்டடத்தின் நடுவே கிணறு போல ஓர் உள்முற்றம் இறங்குகிறது. எல்லா வீட்டுச் சமையலறை யன்னல்களும் அதைப் பார்த்துத்தான் திறக்கும். அதற்குள்ளிருந்து ஒரு பெண் பாடும் குரல் வந்தது. மலையாளம். அந்த மொழி எனக்குத் தெரியாது, ஆனால் படம் பார்த்துப் பழகிய காது கண்டுபிடித்துவிடும்.

யாரோ போனில் பாட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு சுத்தம். வரி ஒன்று நீண்டு மேலே ஏறிக்கொண்டிருந்த இடத்தில் குரல் திடீரென்று நின்றது. அதே குரல், உடைந்த இத்தாலியனில், "வாயைத் திறவுங்கள் சிஞ்ஞோரா" என்றது. கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம் கேட்டது. பிறகு விட்ட இடத்திலிருந்து, விட்ட அதே உயரத்தில், பாட்டு மறுபடி ஏறத் தொடங்கியது.

தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாதி உடம்பை யன்னலுக்கு வெளியே தள்ளி மேலே பார்த்தேன். மேல்வீட்டு யன்னலில் ஒரு துவாய் காய்ந்தது. வேறொன்றும் தெரியவில்லை. ஆனால் அதற்குள் முழுத் திட்டமும் தலைக்குள் வந்து விழுந்துவிட்டது. இந்தக் குரலைப் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பெண்ணின் கதையை ஒலியிலேயே சொல்ல வேண்டும். நான் ஒலிப்பதிவு படிக்கிறேன். எனக்குத் திட்டங்கள் இப்படித்தான் வரும், வந்த வேகத்தில் பாதியில் நிற்கவும் செய்யும். அதற்கு முந்தைய திட்டம் சந்தையில் மீன் விற்பவர்கள் கூவும் சத்தம்.

"போன மாதம் மீன்காரர், இந்த மாதம் மேல்வீட்டுச் சேச்சியோ?" என்றார் அம்மா. "பாவம் பிள்ளை, அந்த மனிசியையாவது விடு."

அம்மாவுக்கு அவரைத் தெரிந்திருந்தது. குப்பை கொட்டப் போகையில் சந்தித்துக் கதைப்பார்களாம். கேரளாவிலிருந்து வந்தவர், மேல்வீட்டுக் கிழவியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்குகிறார், தமிழ் நன்றாக வரும், ஆனால் "படத்திலை கதைக்கிற தமிழ்". பாடுவார் என்பது கூடத் தெரியும். பாடிப் பிழைத்தவர் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

வீட்டோடு தங்கி முதியவர்களைப் பார்ப்பவர்களுக்கு இங்கே வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. வியாழன் பின்னேரம் வியா மக்வேதா கடைத்தெருவில் நடந்தால், ஊரிலுள்ள கிழவர்கள் அத்தனை பேரையும் உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு வந்தது போல, எல்லா நாட்டுப் பெண்களும் ஐஸ்கிரீமோடு உலாவுவார்கள். அந்தக் கூட்டத்தில்தான் சேச்சியை முதன்முதலாக நேரில் கண்டேன். சிறிய உருவம், சாயம் பூசிய முடி, வெயில் காய்கிற நாளிலும் கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை. காற்றுப் பட்டால் தொண்டை கட்டிவிடும் என்ற பழைய பயம் என்றார். அது முழு உண்மை இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

தெருவோரத்தில் ஒருவன் கிட்டார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தான். சேச்சி நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆகா, கலைஞரைக் கலைஞர் மதிக்கிறார் என்று நான் மனதுக்குள் என் ஒலி நிகழ்ச்சிக்கு ஒரு வசனம் தயார் செய்தேன்.

"தாளம் ஓடுது, பாவம். யாருமே அவன்கிட்ட சொல்லல போல," என்றுவிட்டு நடந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. படத்தில் பாடியிருக்கிறீர்களா என்று நேராகவே கேட்டேன்.

"பாடியிருக்கேன்."

"எந்தப் பாட்டு?"

"எல்லாரும் கேட்ட பாட்டுதான் மோளே. நான் பாடினதை மட்டும் யாரும் கேக்கல."

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளில் அந்த வாக்கியத்தை அவர் எனக்குப் பிரித்துச் சொன்னார். திருச்சூர்ப் பக்கம் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் தொடங்கியவர். அந்தக் காலத்தில் மலையாளப் படப் பாட்டுகள் பெரும்பாலும் சென்னையில்தான் பதிவாகின. ஆகவே பாடும் ஆசை பிடித்த மலையாளிப் பெண் சென்னைக்கு ரயிலேற வேண்டும். அண்ணனோடு வந்து வடபழனியில் ஒரு மாடியறையில் இருந்தார். கூப்பிட்டார்கள். ஆனால் கூப்பிட்டது ட்ராக் பாடுவதற்கு.

பெரிய பாடகிக்கு நேரம் கிடைக்காத நாள்களில் படப்பிடிப்பு காத்திருக்காது. நடிகை வாயசைக்க ஏதாவதொரு குரல் வேண்டும். அதற்காக வேறொரு பெண்ணைக் கூப்பிட்டு, பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை முழுவதையும் பாடவைத்து, நாடாவைப் படப்பிடிப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அதுதான் ட்ராக். சில வாரம் கழித்துப் பெரிய பாடகி வருவார். ட்ராக்கைக் கேட்டு மெட்டைப் பிடித்துக்கொண்டு, தன் குரலில் பாடிவிட்டுப் போவார். தியேட்டரில் கேட்பது அந்தக் குரல்தான்.

"அப்ப எல்லாம் நாடா. எனக்குக் குடுத்த தடத்துலயேதான் அவங்களும் பாடுவாங்க," என்றார் சேச்சி. "நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருப்பேன். அவங்க பாடப் பாட நான் அழிஞ்சுட்டே போவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பெரிய பாடகிமீது அவருக்குக் கோபமே இருக்கவில்லை, அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். என் நிகழ்ச்சிக்கு ஒரு கெட்டவர் தேவைப்பட்டது. மாறாக, அந்தப் பாடகி எவ்வளவு பெரிய கலைஞர் என்பதைச் சேச்சி மணிக்கணக்காகச் சொன்னார். இரண்டு தடவை கேட்டாலே போதும், மூன்றாவது தடவை பாட்டு அவருடையதாகிவிடும். ஒருமுறை ட்ராக்கைக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கே, இதையே வெச்சுக்கலாமே" என்றாராம். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சேச்சியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒருவராவது ஒரு கணம் யோசித்திருந்தால் தன் வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்குமோ என்று இப்போதும் சில வேளை நினைப்பாராம். பெரும்பாலும் பாத்திரம் கழுவும்போது.

சொந்தக் குரலிலும் சில பாட்டுகள் வந்தன. எல்லாம் ஓடாத படங்கள். நல்ல பாட்டு என்று அவரே நம்பிய ஒன்றை, படம் நீளமாகிவிட்டதென்று வெட்டிவிட்டார்கள். இசையமைப்பாளர்கள் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். ஒரே டேக்கில் முடித்துவிடுவார், காத்திருக்கச் சொன்னால் முகம் சுளிக்கமாட்டார், அவருடைய ட்ராக்கிலிருந்து மெட்டைப் பிடிப்பது சுலபம். அவ்வளவு நல்ல ட்ராக் பாடகியை யார் வீணாகப் பாடகியாக்குவார்கள்? பிறகு கம்ப்யூட்டர் வந்தது, மலையாளப் பாட்டுகள் கொச்சிக்குப் போயின. வயலின் வாசித்த கணவருக்கு வேலை நின்றது, பிறகு உயிரும் நின்றது. சிசிலியில் கன்னியாஸ்திரியாக இருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி மூலம் பலெர்மோ வந்து சேர்ந்தார். இந்தப் பகுதியை அவர் நடந்துகொண்டே, கடை யன்னல்களைப் பார்த்துக்கொண்டே, அவசரமாகச் சொல்லி முடித்தார்.

நான் இணையம் முழுக்கத் தேடினேன். அந்த ஓடாத படங்களின் பாட்டு ஒன்றுகூட அகப்படவில்லை. ட்ராக் பாடிய பாட்டுகளோ கொட்டிக் கிடந்தன, பெரிய பாடகியின் குரலில். அதிலொன்றை ஒரு வியாழன், பூங்கா வாங்கில் உட்கார்ந்து என் போனில் போட்டேன். நடிகை படகில் சாய்ந்துகொண்டு வாயசைக்கிறார். சேச்சி திரையைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர், சரணத்தில் ஓரிடம் வந்ததும் விரலை நீட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் பின்னால் போகச் சொன்னார். நடிகையின் உதட்டை மட்டும் பார் என்றார்.

பார்த்தேன். பெரிய பாடகியின் குரல் அந்த வரியை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் நடிகையின் உதடுகள் வரியின் நடுவில் ஒரு நொடி பிரிகின்றன, கழுத்து லேசாக உயர்கிறது. மூச்சு எடுக்கிறார். குரலில் அந்த மூச்சு இல்லை.

"அது என் மூச்சு," என்றார் சேச்சி. "அந்தப் பொண்ணு என் ட்ராக்குக்கு வாயசைச்சா. எனக்கு அங்க மூச்சு பத்தல. எடுத்தேன். பாட்டைத் துடைச்சாங்க, இதைத் துடைக்க மறந்துட்டாங்க."

அவர் பாடிய அத்தனை வருடத்திலும் மிஞ்சியது இன்னொரு பெண்ணின் வாயில் ஒரு மூச்சு. எனக்கு உடம்பு சிலிர்த்தது, நேர்மையாகச் சொன்னால் சந்தோஷத்தில். இதைவிட நல்ல காட்சி எந்த நிகழ்ச்சிக்கும் கிடைக்காது. அன்றிரவே அந்தக் காணொளியின் கீழே இதை எழுதினேன், பெயர் சொல்லாமல். மறுநாள் பார்த்தால் நான்கைந்து பேர் சிரித்துவைத்திருந்தார்கள். ஒருவர், தன் பாட்டியும் அந்தப் பாட்டுக்கு மூச்சு விட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தார். சேச்சியிடம் சொன்னபோது, "அழிச்சிடு," என்றார். "அழிக்கிறது ஒண்ணும் எனக்குப் புதுசில்ல."

ஒரு வியாழன் அவர் தாமதமாக வந்தார். நடக்கவில்லை, வாங்கில் உட்கார்ந்து சால்வையை அவிழ்த்தார். கழுத்தின் வலப்பக்கம், தோலுக்கடியில், ஒரு கட்டி. விழுங்கினால் அதுவும் ஏறி இறங்கியது. பரிசோதனை முடிந்துவிட்டது, வெட்டித்தான் எடுக்க வேண்டும், டாக்டர் பேசப் பேசத் தனக்குப் பாதி விளங்கவில்லை, அடுத்தமுறை கூட வருவாயா என்று கேட்டார்.

மொழிபெயர்க்க எனக்குப் பயமில்லை. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க எங்கள் ஆட்களோடு குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்குப் போய்ப் போய், அதிகாரிகள் முகம் பார்த்துப் பேசப் பள்ளிக்கூட நாளிலேயே பழகியவள். ஆனால் அந்த டாக்டர் ஒரு தாளில் கழுத்தை வரைந்து, கட்டிக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கோட்டை இழுத்து, இதுதான் குரல்நாணை அசைக்கும் நரம்பு என்றபோது, எனக்குத் தமிழ் வரவில்லை. கட்டி அதை ஒட்டி நிற்கிறது, முடிந்தவரை காப்பாற்றுவோம், காப்பாற்றினாலும் சிலருக்குக் குரல் கம்மிப்போகும், பெரும்பாலானோருக்குத் திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாது. வெட்டாமல் விடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சேச்சி தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் நிமிர்ந்து, வேலையில் குரலைப் பயன்படுத்துகிறவரா என்று கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. பாடகி, சினிமாவில் பாடியவர் என்று நானே பதில் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை எடுத்தார்.

அந்த ஒரு சொல் சேச்சிக்கு விளங்கிவிட்டது. "நோ, தொத்தோரே," என்றார். "பதாந்தே." வயதானவர்களைப் பார்ப்பவள். பேனா அதைத்தான் எழுதியது.

பேருந்துத் தரிப்பில் நான் கோபத்தோடு நின்றேன். அவர்தான் முதலில் பேசினார்.

"அவர் எல்லார் கழுத்தையும் பாத்துத்தான் வெட்டுவார். எனக்குன்னு தனியா பாத்து வெட்டுங்கன்னு சொல்ல என்கிட்ட என்ன இருக்கு? ஒரு காசெட் இருக்கா? இதுதான் என் குரல்னு எடுத்துக் காட்ட ஒண்ணு இருக்கா?" பஸ் வருகிறதா என்று பார்த்தார். "போறதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கட்டும் மோளே. ஒரே ஒண்ணு. நல்லதா."

அன்றோடு நிகழ்ச்சி, காட்சி, வசனம் எல்லாம் என் தலையிலிருந்து விழுந்துவிட்டன. ஒரு பாட்டு. வெட்டுவதற்கு முன், அவருடைய குரல் என்று சொல்லத்தக்கதாக ஒரு பாட்டு. வேறெதுவும் வேண்டாம்.

சீசா என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீடு ஒலிப்பதிவுக்கு ஏற்ற இடமில்லை. கீழே பேருந்து, பக்கத்தில் பிள்ளைகள், மேலே யாரோ எப்போதும் கதிரை இழுப்பார்கள். ஞாயிறு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுப் படுக்கும் நேரமாகப் பார்த்து வைத்தேன். அலுமாரிக் கதவுகளைத் திறந்து, உள்ளே தொங்கும் சேலைகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்தினேன். சுவரில் போர்வைகள். ஃபிரிட்ஜின் இரைச்சல் வராமல் வயரைக் கழற்றினேன்.

"பாட்டு முடியக் கறி பழுதாய்ப் போனால் நீதான் சாப்பிடோணும்," என்று சொல்லிவிட்டு அம்மா கோயிலடிக்குப் போய்விட்டார்.

சேச்சி பட்டுச் சேலை கட்டி வந்திருந்தார், கழுத்தில் சால்வை இல்லை. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து மறுகாதை விட்டுவைத்த விதத்திலேயே பழக்கம் தெரிந்தது. நீளம் என்று படத்திலிருந்து வெட்டிய அந்தப் பாட்டைத்தான் பாடப்போவதாகச் சொன்னார். கையால் எனக்குச் சைகை காட்டினார். பாடினார்.

ஒரு பிசகு இல்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, ஒவ்வொரு ஸ்வரமும் அதனதன் இடத்தில், மூச்சு எடுக்கும் சத்தம்கூட இல்லாமல் வந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் முடிந்தபின் அறையில் ஒன்றும் மிச்சமில்லை. முற்றத்தில் கேட்டது இது இல்லை. அங்கே குரல் வளைந்தது, தயங்கியது, ஒரு சொல்லின் நுனியில் நின்று விளையாடியது.

"இன்னொருக்கால் பாடுவமா சேச்சி? இந்தமுறை உங்கட விருப்பத்துக்கு. ஆருக்கும் இல்லை."

மறுபடி பாடினார். நான் இரண்டு பதிவையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒலியின் மேடுபள்ளம் இரண்டிலும் ஒன்றாக இருந்தது. இயந்திரம்கூட அப்படிப் பாடாது. நான் திரையைப் பார்ப்பதை அவர் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது, என்னைவிட முன்னாலேயே.

தொடக்க நாள்களில் ஒருமுறை, ட்ராக்கில் தன் மனதுக்குப் பட்ட ஒரு சங்கதியைச் சேர்த்தாராம். சின்ன வளைவுதான். இசையமைப்பாளர் மொத்த வாத்தியக்காரர்களையும் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். சத்தம் போடவில்லை. "நீயே எல்லாத்தையும் வெச்சுட்டா அவங்க வந்து என்னத்த வெப்பாங்க?" என்றார். அன்றிலிருந்து பாட்டில் இடம் விட்டுப் பாடினார். வருகிறவருக்காக.

"அன்னிக்கு எடுத்து வெச்சேன்," என்றார். "எங்க வெச்சேன்னு இப்ப தெரியல."

"சிஞ்ஞோராவுக்குப் பாடேக்கை வருதே."

"அங்க நான் பாடலயே. ஊட்டறேன்."

அப்படியானால் அங்கேதான் எடுக்க வேண்டும். அந்தச் சமையலறையில், சாப்பாட்டு நேரத்தில், அவர் பாடாமல் இருக்கும்போது. சிஞ்ஞோராவின் மகனிடம் நானே பேசினேன். வீட்டுக்குள் பதிவு என்றதும் முகம் சுருங்கினாலும், காரணம் சொன்னதும் சம்மதித்தார். சனிக்கிழமை, அவரும் வீட்டில் இருக்கும் நேரத்தில். சத்திரசிகிச்சைக்கு இன்னும் வாரங்கள் இருந்தன.

அந்த ஞாயிறு மாலை, அம்மா வந்து ஃபிரிட்ஜைத் திறந்து கறியை முகர்ந்து பார்த்துத் திருப்திப்பட்டபின், பதிவைப் போட்டுக் காட்டினேன். நின்றபடியே முழுவதையும் கேட்டார்.

"குறை சொல்லேலாது. வடிவாய்த்தான் பாடியிருக்கிறா," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆனால் நான் துப்பரவாக்கிப்போட்டு வாற வீடு மாதிரி இருக்கு பிள்ளை. எல்லாம் அந்தந்த இடத்திலை இருக்கு. ஆக்கள் இல்லை."

புதன்கிழமை வகுப்பில் இருக்கும்போது சேச்சியின் அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், யாரோ ஒருவருக்குத் தள்ளிப்போனதால் இடம் ஒன்று வந்திருக்கிறது, நாளைக்கே வரச் சொல்கிறார்கள், என்ன செய்ய. நான் என்ன சொல்ல முடியும்? கட்டியோடு யாரும் சனிக்கிழமை வரை பேரம் பேச முடியாது. போங்கோ சேச்சி என்றேன். அன்று பின்னேரமாவது மைக்கோடு வரட்டுமா என்று கேட்டேன். பை கட்ட வேண்டும், சிஞ்ஞோராவுக்கு மாற்று ஆளிடம் எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். அந்த அழைப்பையாவது பதிவு செய்திருக்கலாம் என்று அதற்குப் பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். அதில் அவர் பேசத்தான் செய்தார், பாடவில்லை.

கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். அது நல்ல செய்தி, எல்லோரும் அதைத்தான் முதலில் சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தபோது கழுத்தில் கட்டோடு சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் வாய் அசைந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"காத்து மட்டும் வருது," என்றார். அதுவும் காற்றாகத்தான் வந்தது.

பிறகு மூக்கு வழியாகச் சிறிய கேமரா விட்டுப் பார்த்தார்கள். திரையை எங்களுக்கும் காட்டினார்கள். இரண்டு வெள்ளை நாண்கள், ஒன்று அசைகிறது, மற்றது அசையாமல் பக்கத்தில் கிடக்கிறது. நரம்பு அறுபடவில்லை, அசதியில் இருக்கிறது, சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம், அரை வருடத்துக்குப் பிறகும் திரும்பாதது பொதுவாகத் திரும்புவதில்லை என்றார் டாக்டர். இதைத் தமிழில் சொல்ல எனக்குச் சிரமமிருக்கவில்லை. அதில் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அவர் இல்லாத வாரங்களில் சிஞ்ஞோராவைப் பார்த்தது ஒரு மொரிஷியஸ்காரப் பெண். பெயரில் தமிழ் உண்டு, பேச்சில் இல்லை. பாட்டில்லாமல் கிழவி எப்படிச் சாப்பிடப்போகிறாள் என்று அம்மாவும் நானும் கவலைப்பட்டோம். அம்மா முற்றத்து யன்னலைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டே வேலை செய்தார். கரண்டிச் சத்தம் மட்டும் வந்ததாம், ஒழுங்காக, கிண்ணம் முடியும் வரை. சிஞ்ஞோரா சாப்பிட்டுவிட்டாள். அடுத்த நாளும் சாப்பிட்டாள். இதைச் சேச்சியிடம் சொல்லவேண்டாம் என்று நினைத்திருந்தேன். அம்மா சொல்லிவிட்டார், மனம் ஆறட்டுமென்று.

சேச்சி வெகுநேரம் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். "நல்லது," என்றார் காற்றில். "சாப்பிட்டாளே."

இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். மகன் நல்லவர், இடத்தைப் பிடித்துவைத்திருந்தார். பேச்சு, பக்கத்தில் நின்றால் விளங்கும். தெருவில் விளங்காது, அதனால் வியாழக்கிழமைகளில் இப்போது மக்வேதாவுக்குப் போவதில்லை. அவருடைய அறையில் உட்காருகிறோம். எங்கள் வீட்டில் எடுத்த பதிவை ஒருநாள் கேட்கவேண்டும் என்றார். கேட்டார், இறுதி வரை. ஹெட்போனைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, "நல்ல ட்ராக்," என்றார். அவருடைய பெயரை அந்தக் கோப்புக்கு இடட்டுமா என்று கேட்டேன். கையை அசைத்து வேண்டாம் என்றார்.

அவருக்குக் குரல் பயிற்சி தரும் லோகோபெதிஸ்தா, கிளாஸில் தண்ணீர் வைத்து, உறிஞ்சுகுழாயை அதில் விட்டு, ஊ என்று சத்தத்தோடு ஊதச் சொல்லியிருக்கிறார். கேட்கச் சிறுபிள்ளை விளையாட்டு. முதல் வாரங்களில் குமிழிகள் மட்டும் வந்தன. போன வியாழன் குமிழிகளுக்கு அடியில் ஒரு சத்தம் இருந்தது. தேய்ந்த, தடித்த, மிகக் கீழான ஒரு சத்தம். சேச்சி ஊதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார், வேறு யாராவது அறைக்குள் வந்துவிட்டார்களா என்பது போல. நான் போனில் சுருதி பார்க்கும் ஆப்பைத் திறந்து கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுபடி ஊதினார். முள் நடுங்கியது, ஓரிடத்தில் நின்றது, விழுந்தது.

பாட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்று சேச்சி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நானும் பேசவில்லை. லோகோபெதிஸ்தாவின் அடுத்த படி இதுதான்: சத்தம் வந்துகொண்டிருக்கும்போதே குழாயை மெதுவாக வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல், குழாய் இல்லாமல், வெறும் வாயில் அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நிமிடத்துக்கு மேல் முயலக்கூடாது. வரும் வியாழன் நானும் கூட இருக்க வேண்டும் என்றார் சேச்சி. மைக்கைக் கொண்டுவா என்று சொல்லவில்லை, கொண்டுவராதே என்றும் சொல்லவில்லை. கொண்டுபோகிறேன். இவ்வளவு மெல்லிய சத்தத்துக்கு மைக் வாய்க்கு ஒரு விரல் தூரத்தில் இருக்க வேண்டும். அவர் உட்காருவதற்கு முன்பே பதிவை ஓடவிட்டுவிடப் போகிறேன். அவர் ஊத வேண்டும், குழாயை எடுக்க வேண்டும், பிறகு என்ன வருகிறதோ அதை எடுக்கப் பார்க்கிறேன்.